ஒரே சாலை, இரண்டு அரசுகள்: ஒரோமோ – சோமாலி மோதலின் அரசியல்

எத்தியோப்பியாவின் தென்கோடியில், கென்யா எல்லையை ஒட்டி மொயாலே என்று ஓர் ஊர் இருக்கிறது. தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து நைரோபிக்குப் போகும் நெடுஞ்சாலை அதன் நடுவே ஓடுகிறது. சாலைக்கு ஒரு பக்கம் ஒரோமியா மாநிலம், எதிர்ப்பக்கம் சோமாலி மாநிலம். ஒரே ஊருக்கு இரண்டு நிர்வாகம், இரண்டு போலீஸ், இரண்டு நீதிமன்றம். இந்தப் பக்கத்துப் பள்ளியில் ஒரோமோ மொழியில் பாடம், அந்தப் பக்கத்தில் சோமாலியில். டீ குடிக்கச் சாலையைக் கடந்தால் மாநிலம் மாறிவிடும்.

வெளிநாட்டுச் செய்திகளில் இந்த ஊரின் பெயர் அடிபடுவதே துப்பாக்கிச் சூடு நடந்தால்தான். கூடவே ஒரு வரியும் தவறாமல் வரும்: தண்ணீருக்கும் மேய்ச்சலுக்கும் நெடுங்காலமாக மோதிக்கொள்ளும் இரண்டு இனங்கள். இது முழுப் பொய் இல்லை. ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால், 2017-லும் 2018-லும் இந்த எல்லை நெடுக ஏறத்தாழ பத்து லட்சம் பேர் ஏன் வீடு வாசலை விட்டு ஓடினார்கள் என்பது புரியவே புரியாது. வறட்சி அதற்கு முன்னும் வந்திருக்கிறது. கிணற்றடியில் கொலையும் விழுந்திருக்கிறது. அதற்காக நகரத்தில் கடை வைத்திருந்தவரையும் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவரையும் யாரும் லாரியில் ஏற்றித் துரத்தியதில்லை. அப்படித் துரத்துவதற்கு ஓர் அரசு வேண்டும். இங்கே இரண்டு அரசுகள் இருந்தன.

முதலில் இந்த இரண்டு மக்களும் எவ்வளவு நெருக்கமானவர்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இரு மொழிகளும் குஷிடிக் குடும்பத்தைச் சேர்ந்தவை, ஒரு வகையில் அக்கா தங்கை மொழிகள். கிழக்கே ஹரார்கே பகுதியில் இருக்கும் ஒரோமோக்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள், சோமாலிகளும் முஸ்லிம்கள். ஒரே சந்தை, பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு, ஒரே தர்காவுக்குப் போகிற பழக்கம் எல்லாம் உண்டு. தெற்கே போரானா ஒரோமோக்களின் கதை கொஞ்சம் வேறு. அவர்கள் கதா என்ற தலைமுறை ஆட்சி முறையை விடாமல் காப்பாற்றி வருகிறவர்கள், தூலா எனப்படும் ஆழமான கிணறுகளில் ஏணிபோல் வரிசையாக ஆட்கள் நின்று பாட்டுப் பாடியபடி வாளியைக் கைமாற்றி மாட்டுக்குத் தண்ணீர் ஏற்றுகிறவர்கள். அந்தக் கிணற்றில் யார் எந்த நாளில் தண்ணீர் எடுக்கலாம் என்பதற்கு எழுதாத சட்டம் இருக்கிறது. சோமாலிகளுக்கும் 'ஹேர்' என்ற வழக்குச் சட்டம் உண்டு. கொலை விழுந்தால் இத்தனை ஒட்டகம் என்று பேசித் தீர்ப்பார்கள். சண்டை இருந்தது, சண்டையை முடிக்கும் வழியும் இருந்தது.

அப்புறம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிற மக்கள். கர்ரே, கப்ரா, குர்குரா, கேரி, ஜார்சோ என்று பல குழுக்கள். கர்ரே மக்களில் பலருக்கு ஒரோமோ மொழி தாய்மொழி மாதிரி வரும், வம்சாவளி கேட்டால் சோமாலிக் குலத்தைச் சொல்வார்கள். குர்குராக்களும் அப்படித்தான்: குலம் சோமாலி, நாக்கில் ஒரோமோ. 'நீ யார்?' என்ற கேள்விக்கு இடத்துக்குத் தகுந்தாற்போல் பதில் சொல்லிக்கொண்டு இவர்கள் நன்றாகத்தான் வாழ்ந்துவந்தார்கள். இரண்டு பக்கமும் உறவு இருப்பது வறட்சிக் காலத்தில் பெரிய காப்பீடு. பின்னால் வந்த அரசியல் இவர்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: ஏதாவது ஒரு கட்டத்தில் டிக் அடி.

இந்தக் கேள்வியை முதலில் கேட்டது எத்தியோப்பியா கூட இல்லை, சோமாலியா. மன்னர் இரண்டாம் மெனலிக் 1887-ல் ஹராரைப் பிடித்து, அடுத்த சில ஆண்டுகளில் சோமாலிகள் வாழும் ஒகாடன் பகுதி வரை படை அனுப்பியபோது ஒரோமோக்களும் சோமாலிகளும் ஒன்றாகவே ஒரு பேரரசின் கீழ் வந்தார்கள். இருவருக்கும் ஒரே எசமான், ஒரே வரி, ஒரே அவமானம். 1960-ல் சுதந்திரம் பெற்ற சோமாலியாவின் கொடியில் ஐந்து முனை நட்சத்திரம் இருந்தது. அதில் ஒரு முனை எத்தியோப்பியாவிடம் இருந்த சோமாலி நிலம். 1963-ல் பாலே பகுதியில் வாக்கோ குட்டு தலைமையில் ஒரோமோ விவசாயிகள் கிளர்ந்தபோது அவர்களுக்கு ஆயுதமும் பயிற்சியும் சோமாலியத் தலைநகர் மொகதிஷுவிலிருந்து வந்தன. சோமாலிகளும் ஒரோமோக்களும் தோளோடு தோள் நின்று அடிஸ் அபாபாவை எதிர்த்த காலம் அது. இப்போது அந்தப் பகுதி இளைஞர்களிடம் சொன்னால் எத்தனை பேர் நம்புவார்களோ.

அந்த நட்புக்கு ஒரு விலை இருந்தது. சோமாலியா இந்த ஒரோமோக்களை ஒரோமோக்களாக ஏற்றுக்கொள்ளவில்லை, 'சோமாலி அபோ' என்று பெயர் வைத்தது. சோமாலி பேசுகிறவர்கள் 'சோமாலி வரியா'. 'அபோ', 'வரியா' இரண்டும் தெருவில் ஒருவரைக் கூப்பிடும் சொற்கள், 'ஏம்ப்பா' என்பது மாதிரி. ஒரு மனிதன் இன்னொருவனை எப்படிக் கூப்பிடுகிறான் என்பதை வைத்து இன வகை பிரித்த அரசை வேறு எங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. சோமாலி அபோ விடுதலை முன்னணி என்றே ஓர் இயக்கம் 1970களில் இயங்கியது. ஒரோமோ தேசியவாதிகளுக்கு இது உள்ளூர எரிந்தது, எங்கள் ஆளையும் எங்கள் மண்ணையும் உங்கள் கணக்கில் எழுதுகிறீர்கள் என்று. 1977-ல் சோமாலிய அதிபர் சியாத் பாரேயின் படை ஒகாடனுக்குள் புகுந்தது, சோவியத் ஒன்றியமும் கியூபாவும் எத்தியோப்பியா பக்கம் நின்றன, 1978 மார்ச்சில் சோமாலியா தோற்றுப் பின்வாங்கியது. லட்சக்கணக்கானோர் சோமாலியாவுக்கு அகதிகளாகப் போனார்கள். 1991-ல் சோமாலியா சிதறியதும் அவர்களில் பலர் திரும்பி வந்தார்கள், கர்ரே குடும்பங்கள் உட்பட. வந்து பார்த்தால் அவர்கள் விட்டுப்போன மேய்ச்சலில் போரானாக்கள் இருந்தார்கள். போரானா சொன்னது: இது எப்போதும் எங்கள் கிணறு. கர்ரே சொன்னது: நாங்கள் ஓட வேண்டியிருந்ததால்தான் நீங்கள் வந்தீர்கள். இரண்டு பேரும் நம்பியே சொன்னார்கள்.

சரியாக அந்த நேரத்தில்தான் நாட்டின் வரைபடமே மாறியது. 1991 மே மாதம், மன்னராட்சிக்குப் பின் வந்த ராணுவ ஆட்சி விழுந்து, வடக்கே இருக்கும் திக்ராய் மக்களின் திக்ராய் விடுதலை முன்னணியின் பிடியில் இருந்த கூட்டணி ஆட்சிக்கு வந்தது. பழைய மாகாணங்கள் கலைக்கப்பட்டு, 1992-ல் இன அடிப்படையில் பிராந்தியங்கள் வந்தன: நான்காவது ஒரோமியா, ஐந்தாவது சோமாலி. 1995 அரசியல் சட்டம் அதை உறுதி செய்து, பிரிந்து போகும் உரிமையைக்கூட எழுதி வைத்தது. இந்த ஏற்பாட்டைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. நூறு ஆண்டுகள் அம்ஹாரிக் மொழியில் மட்டுமே நீதிமன்றம் ஏறியவர்களுக்குத் தாய்மொழியில் மனு எழுத முடிந்தது சாதாரண விஷயமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதற்கு முன் ஒரோமோவையும் சோமாலியையும் பிரிக்கும் கோடு என்று எதுவும் வரைபடத்தில் கிடையாது. ஹரார்கே, பாலே, சிதாமோ என்ற மாகாணங்களுக்குள் இருவரும் கலந்தே இருந்தார்கள். 'தொன்மையான எல்லைத் தகராறு' என்கிறார்களே, அந்த எல்லைக்கு வயது முப்பத்துச் சொச்சம். நீளம் மட்டும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

அரசியல் சட்டத்தின் 46ஆவது பிரிவு மாநிலங்களை எதை வைத்துப் பிரிக்கலாம் என்று சொல்கிறது: குடியிருப்பு அமைப்பு, மொழி, அடையாளம், மக்களின் சம்மதம். படிக்க நன்றாக இருக்கிறது. மழை பெய்த இடத்துக்கு ஒட்டகத்தோடு நகர்கிறவனின் 'குடியிருப்பு' எது? ஒரோமோ பேசிக்கொண்டு சோமாலிக் குலம் சொல்கிறவனின் 'அடையாளம்' எது? யார் எழுதினார்களோ, அவர்கள் மனத்தில் உழுது வாழும் வடக்கு மேட்டுநிலக் கிராமம்தான் இருந்திருக்க வேண்டும்.

ஒரு கெபெலே, அதாவது மிகச்சிறிய நிர்வாக அலகு, எந்த மாநிலத்துக்குப் போகிறது என்பதில் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். அங்கேதான் எல்லாமே இருக்கிறது. மத்திய அரசு மாநிலங்களுக்குத் தரும் மானியத்தின் கணக்கில் மக்கள்தொகை முக்கியமான எடை. நிலமும் ஆளும் கூடினால் பணம் கூடும். கெபெலேக்கள் சேர்ந்தால் வொரெடா எனும் மாவட்டம், புதிய வொரெடா வந்தால் தலைவர் பதவி, ஆசிரியர் வேலை, எழுத்தர் வேலை, சுகாதார நிலையம், ஒரு வெள்ளை லேண்ட் குரூஸர். வேறு தொழிலே இல்லாத வறண்ட ஊரில் அரசு வேலைதான் ஒரே தொழிற்சாலை. அந்த வேலைக்கு மாநில மொழி தெரிய வேண்டும், மாநிலத்தின் 'சொந்த' இனமாக இருந்தால் நல்லது. ஆக, கிணறு எந்தப் பக்கம் என்பதைவிட அலுவலகம் எந்தப் பக்கம் என்பது பெரிய கேள்வியாகிவிட்டது. குல மூப்பர்கள் பேசித் தீர்த்த இடத்தில் மாநில அதிகாரிகள் வந்து உட்கார்ந்தார்கள்; மூப்பர்களுக்குச் சண்டை முடிவதில் லாபம், அதிகாரிகளுக்கு அது இழுபடுவதில்.

டிரே தவாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிபூட்டி ரயில் பாதைக்காக 1902-ல் எழுந்த நகரம். ஒரோமியா எங்களுடையது என்றது, சோமாலி மாநிலம் அதைத் தன் தலைநகராகவே கேட்டது. யாருக்கும் தராமல் மத்திய அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. ஆட்சிப் பொறுப்பை 40 – 40 – 20 என்று பங்கு போட்டார்கள்: ஒரோமோவுக்கு 40, சோமாலிக்கு 40, மற்ற எல்லோருக்கும் சேர்த்து 20. தலைமுறை தலைமுறையாக அந்த ஊரில் இருக்கும் அம்ஹாராக்களும் ஹராரிகளும் அந்த 20-க்குள் நெருக்கியடித்துக்கொள்ள வேண்டியதுதான். சோமாலி மாநிலத் தலைநகர் கடைசியில் ஜிஜிகாவுக்குப் போனது.

2004 அக்டோபரில் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வாக்கெடுப்பு நடந்தது. 420க்கும் மேற்பட்ட கெபெலேக்களில் மக்களே முடிவு செய்யட்டும் என்றார்கள். வாக்கெடுப்புக்கு முன் இரு தரப்பும் தங்கள் ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றியதாக மாறி மாறிக் குற்றச்சாட்டு. கலந்து மணம் செய்தவர்களும் இரு மொழிக்காரர்களும் ஒரு சீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம். ஏறத்தாழ 80 சதவீத கெபெலேக்கள் ஒரோமியாவுக்குப் போயின. சோமாலி தரப்பு முறைகேடு என்றது, ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தார்கள். இதைவிட மோசமானது அடுத்து நடந்தது, அதாவது நடக்காமல் போனது: முடிவைத் தரையில் கல் நட்டு அமல்படுத்தவில்லை. காகிதத்தில் ஒரோமியா, நடைமுறையில் சோமாலி நிர்வாகம் என்று பல இடங்கள் அந்தரத்தில் தொங்கின. மாநிலங்கள் ஒத்துவராவிட்டால் நாடாளுமன்றத்தின் மேலவையான கூட்டாட்சி மன்றம் இரண்டு ஆண்டுகளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது 48ஆவது பிரிவு. இரண்டு ஆண்டு என்பது பன்னிரண்டு ஆண்டானது.

ஏன் தீர்க்கவில்லை? சோம்பல் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. 2007 கணக்கெடுப்பின்படி ஒரோமோக்கள் நாட்டின் மக்கள்தொகையில் 34.5 சதவீதம், மிகப் பெரிய இனம். அன்றைய ஆளும் கூட்டணியின் மையத்தில் இருந்த திக்ராய் கட்சிக்கு ஒரோமியா என்றைக்கும் உறுத்தல். ஒரோமோ விடுதலை முன்னணி 1992-லேயே இடைக்கால அரசிலிருந்து வெளியேறியிருந்தது. ஒரோமியாவை ஆண்ட கட்சியோ திக்ராய் இயக்கமே 1990-ல் உருவாக்கிக் கொடுத்தது. சோமாலி மாநிலத்தை ஆண்ட கட்சிக்கு கூட்டணியில் உறுப்பினர் இடம்கூட இல்லை, வெறும் 'நட்புக் கட்சி'. நாட்டின் முடிவுகளில் குரல் இல்லாத மாநிலம், ஆனால் தன் எல்லைக்குள் கேள்வி கேட்பாரில்லாத மாநிலம். மையத்துக்கு இது வசதி. தீராத எல்லை ஒரு கையிருப்பு மாதிரி, தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம்.

2007 ஏப்ரலில் சோமாலிக் கிளர்ச்சி இயக்கமான ஒகாடன் தேசிய விடுதலை முன்னணி அபோலே என்ற இடத்தில் சீன எண்ணெய் ஆய்வு முகாமைத் தாக்கியது. 9 சீனர்கள் உட்பட 74 பேர் இறந்தார்கள். அதற்குப் பதிலடியாகத்தான் 'லியூ போலீஸ்' பிறந்தது. அம்ஹாரிக்கில் லியூ என்றால் சிறப்பு. சோமாலிக் கிளர்ச்சியை அடக்கச் சோமாலிகளையே கொண்டு அமைத்த படை. அதைக் கட்டியவர் அப்தி முகமது உமர், ஊர் சொல்லும் பெயர் அப்தி இலே. மாநிலப் பாதுகாப்புத் தலைவராக இருந்து 2010-ல் மாநிலத் தலைவரானார். கொலை, பாலியல் வன்முறை, ஊர்களைக் கொளுத்தியது, 'ஜெயில் ஒகாடன்' சிறையின் சித்திரவதை என்று மனித உரிமை அமைப்புகள் ஆண்டுக் கணக்கில் எழுதின. ஒன்றை மறக்கக் கூடாது: இந்தப் படையிடம் முதலில், மிக அதிகமாக அடிபட்டவர்கள் சோமாலிகள்தான். பின்னால் ஒரோமோ தரப்பில் 'சோமாலிகள் எங்களைக் கொல்கிறார்கள்' என்று எழுந்த குரலில் இந்த உண்மை காணாமல் போனது.

கிளர்ச்சி அடங்கியபின் அவ்வளவு பெரிய படை சும்மா இருக்குமா? கிழக்கு எத்தியோப்பியாவின் பணம் சாலையில் ஓடுகிறது: ஹரார்கே மலைகளில் ஒரோமோ விவசாயி பறிக்கும் காத் என்ற, மென்றால் கிறக்கம் தரும் இலை, அவேதாய் சந்தையிலிருந்து லாரி ஏறி, ஜிஜிகா வழியே சோமாலிலாந்துக்குப் போகும். வாடினால் விலை போச்சு என்பதால் வேகம் முக்கியம், வேகத்துக்குச் சோதனைச்சாவடியில் காசு முக்கியம். எதிர்த்திசையில் துணி, மின்சாதனம், அரிசி என்று கடத்தல் சரக்கு வரும். எந்தச் சாவடி யார் கையில் என்பது பெரிய வருமானம்.

2015 நவம்பரில் ஒரோமியாவில் போராட்டம் வெடித்தது. தலைநகரை ஒரோமியா நிலத்துக்குள் விரிக்கும் பெருந்திட்டத்துக்கு எதிராகத் தொடங்கி, ஆட்சிக்கே எதிராகத் திரும்பியது. 2016 அக்டோபரில் அவசரநிலை. அதே நேரத்தில் ஒரோமியாவின் தலைவராக லெம்மா மெகெர்ஸா வந்தார். அதுவரை மேலே பார்த்துத் தலையாட்டிய மாநில அரசு முதல் தடவையாகத் தன் மக்களைப் பார்த்துப் பேசத் தொடங்கியது. அந்த ஆண்டின் இறுதியிலிருந்து லியூ போலீஸ் ஒரோமியாவின் எல்லை ஊர்களுக்குள் புகுந்து தாக்கத் தொடங்கியது. ஒரோமோ மக்களிடம் கேட்டால் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள்: எங்களை அடக்க மையம் ஜிஜிகாவை ஏவிவிட்டது. எழுத்து ஆதாரம் காட்டுவது கடினம். ஆனால் எல்லையெங்கும் மத்திய ராணுவம் நின்றிருந்தும் மாதக்கணக்கில் ஒரு மாநிலத்தின் படை இன்னொரு மாநிலத்துக்குள் போய்வர முடிந்தது என்றால், குறைந்தபட்சம் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்றாவது சொல்லத்தான் வேண்டும். வேலியே பயிரை மேய்ந்தது, காவல்காரன் வேடிக்கை பார்த்தான்.

2017 ஏப்ரலில் லெம்மாவும் அப்தி இலேயும் கைகுலுக்கி, 2004 முடிவை அமல்படுத்துவோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். செப்டம்பரில் எல்லையில் ஒரோமோ அதிகாரிகள் பிடித்துக் கொல்லப்பட்ட செய்தி பரவ, அவேதாயில் கூட்டம் சோமாலி வணிகர்கள் மீது பாய்ந்தது. 18 பேர் இறந்தார்கள், அதில் 12 பேர் சோமாலிகள் என்றது ஒரோமியா அரசு. 50-க்கும் மேல் என்றது சோமாலி மாநில அரசு. பேச்சாளர்கள் இருவரும் ஃபேஸ்புக்கில் மோதிக்கொண்டிருக்க, சில நாட்களுக்குள் ஜிஜிகாவிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் ஒரோமோக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேற்றப்பட்டார்கள். பிறந்து வளர்ந்த ஊரில் கதவைத் தட்டிப் போகச் சொன்னார்கள். டிசம்பரில் மேற்கு ஹரார்கேயில் ஏற்கெனவே தஞ்சம் புகுந்திருந்த சோமாலிகள் கும்பலால் கொல்லப்பட்டார்கள். மந்தையைப் பற்றியே தெரியாத நகரத்து மக்கள் மீது விழுந்த வன்முறை இது. இதைப் போய் மேய்ச்சல் தகராறு என்று எழுதியவர்களை என்ன சொல்வது.

2018 ஏப்ரலில் அபி அகமது பிரதமரானார், ஒரோமோ. பதவியேற்றுச் சில நாட்களில் முதலில் போன ஊர் ஜிஜிகா. மேடையில் சமாதானம் பேசினார்கள். ஆகஸ்ட் 4 அன்று மத்திய ராணுவம் ஜிஜிகாவுக்குள் நுழைந்தது. மாநிலப் பேரவை பிரிவினையை விவாதிக்கப் போகிறது என்று அப்போது பேச்சு அடிபட்டது. இளைஞர் கும்பல் தேவாலயங்களை எரித்தது, சோமாலி அல்லாதவர்களின் கடைகளைச் சூறையாடியது. இரண்டு நாளில் அப்தி இலே பதவி விலகினார், மாத இறுதியில் கைதானார். அவரை விமர்சித்து வெளிநாட்டில் இருந்த முஸ்தபா முகமது உமர் மாநிலத் தலைவரானார். எல்லையில் பெரிய அளவிலான கொலைகள் அதன்பின் குறைந்தன. வறட்சி தீரவில்லை, கிணறு பெருகவில்லை, கோடும் அப்படியே இருந்தது. மாறியது ஜிஜிகாவில் யார் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு மையத்தோடு என்ன கணக்கு என்பது மட்டும்தான். அரசியல்தான் காரணம் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. (அப்தி இலே மீதான வழக்கை அரசு 2024-ல் கைவிட்டு அவரை வெளியே விட்டது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.)

கோடு அப்படியே இருப்பதால் சிக்கலும் அப்படியே இருக்கிறது. ஜிஜிகாவிலிருந்து துரத்தப்பட்ட ஒரோமோக்களில் ஒரு பகுதியினரை அடிஸ் அபாபாவைச் சுற்றியுள்ள ஊர்களில் குடியமர்த்தியபோது, தலைநகரின் மக்கள்தொகையை மாற்றப் பார்க்கிறார்கள் என்று வேறொரு சண்டை கிளம்பியது. 2025-ல் சோமாலி மாநிலம் புதிய வொரெடாக்களை அறிவித்தபோது, அவற்றில் சில எங்கள் நிலம் என்று ஒரோமோ கட்சிகள் கொதித்தன.

ஒரோமியாவிலிருந்து ஓடிவந்த சோமாலிகளுக்காக ஜிஜிகா – ஹரார் சாலைப் பக்கம் கொலோஜி என்ற முகாம் போட்டார்கள். பல்லாயிரம் பேர், ஆண்டுகள் கடந்தும் கூடாரம்தான். முகாம் இருப்பது சோமாலி மாநிலத்தின் பாபிலே வொரெடாவில். சாலையில் கொஞ்சம் மேற்கே போனால் இன்னொரு பாபிலே வொரெடா வரும், அது ஒரோமியாவில் இருக்கிறது.